தோட்டத்து அடுப்படியிலிருந்து கப்பல் வரை: பெண்கள் கூட்டுச் சேர்ந்து ஏற்றுமதி செய்ய முழுமையான வழிகாட்டி

பத்தாங் பெர்ஜூந்தையிலிருந்து போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வெகுகாலம் ஆகிறது. எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். இந்த ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மசாலாத்தூள், முறுக்கு, ஊறுகாய் செய்யும் பெண்களுக்கு ஏற்றுமதிக் காகித வேலைகளில் உதவி வருகிறேன். அதில் பார்த்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் துணைக்கு ஆள் இல்லாமல் இல்லை. அரசு நிறுவனங்கள், பெண் தொழில்முனைவோர் சங்கங்கள், அனைத்துலகத் தளங்கள், கடன் தருபவர்கள், வெளிநாட்டுக் கடைக்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட காகிதத்தைப் பார்த்த பிறகுதான் கைகொடுப்பார்கள். அந்தக் காகிதம் அதற்கு முந்தைய படியில்தான் கிடைக்கும். நான் பார்த்தவரை, இடையில் விட்டுவிட்டுப் போனவர்களில் பாதிப்பேர், கீழே உள்ள ஒன்பது படிகளில் ஏழாவதான வாங்குபவர் ஒப்பந்தத்தில் தொடங்கியவர்கள்.

தொடங்கும் முன் மூன்று பொருள் கையில் இருக்கட்டும்: வீட்டுச் செலவோடு கலக்காத தனி வங்கிக் கணக்கு, அதன் குறைந்தது 6 மாத அறிக்கை, வாங்கிய சாமான் பில் எல்லாம் ஒட்டிய ஒரு நோட்டு. பில் நோட்டு சின்ன விஷயமாகத் தெரியும். எட்டாவது படியில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

1. பதிவு யார் பெயரில் இருக்கிறது?

முறுக்கு சுடுவது அக்கா, மாவு வாங்குவது அக்கா, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நின்று விற்பதும் அக்காதான். எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவு மட்டும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். "அவர் பேர்ல போட்டா லோன் சுலபமா கிடைக்கும்னு சொன்னாங்க" என்பார்கள். பெண்களுக்கென்று உள்ள ஒவ்வொரு திட்டத்தின் வாசலிலும் இதனால்தான் திரும்பி வர நேர்கிறது.

சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசு நிறுவனம் எஸ்எம்இ கார்ப் வைத்திருக்கும் வரையறை இப்படி: நிறுவனப் பங்கில் குறைந்தது 51 விழுக்காடு பெண்களிடம் இருக்க வேண்டும், அல்லது தலைமை நிர்வாகி பெண்ணாக இருந்து, குறைந்தது 10 விழுக்காடு பங்கு அவரிடம் இருக்க வேண்டும். பெண்களின் நிறுவனங்களைப் பெரிய கொள்முதல் நிறுவனங்களோடு இணைக்கும் வீகனெக்ட் இன்டர்நேஷனல் இன்னும் கறாராகப் பார்க்கும். 51 விழுக்காடு இருந்தால் மட்டும் போதாது, நிர்வாகமும் முடிவெடுக்கும் உரிமையும் பெண்ணிடம் இருக்க வேண்டும். காசோலையில் யார் கையெழுத்து என்று கேட்பார்கள்.

தனியாகச் செய்பவர் எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் பதிய 60 வெள்ளி. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து செய்வதென்றால் சாதாரணக் கூட்டாண்மையில் போகாதீர்கள். சரக்கில் தகராறு வந்தால் கடன் உங்கள் வீடு, நகை வரை வரும். 500 வெள்ளி கட்டி வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாக, அதாவது பிஎல்டியாக, பதியலாம். 1,000 வெள்ளி கட்டி செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுத்த நிறுவனம், அமைக்கலாம். பின்னால் யாரிடமாவது முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் செண்டிரியான் பெர்ஹாட்தான் நல்லது. பங்குக் கணக்கு தெளிவாக இருக்கும். நிறுவனச் செயலாளருக்கும் தணிக்கைக்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஐந்து அடுப்படி வேண்டாம், ஒன்று போதும்

நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். ஐந்து பேர் அவரவர் வீட்டில் சுட்டு, ஒரே பெயர் ஒட்டி, ஒன்றாகக் கட்டி அனுப்பப் பார்ப்பார்கள். தீபாவளிக்கு ஊருக்குள் விற்க அது சரிவரும். ஏற்றுமதிக்குச் சரிவராது.

காரணம் மெஸ்தி சான்றிதழ். சுகாதார அமைச்சு தரும் இந்தச் சான்றிதழ் பொருளுக்கோ பெயருக்கோ இல்லை, உற்பத்தி செய்யும் இடத்துக்கு. ஒரு வீட்டுச் சான்றிதழில் மற்ற நான்கு வீட்டு முறுக்கு ஏற முடியாது. வாங்குபவர் ஆள் அனுப்பிப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

அதனால் பொது அடுப்படி ஒன்று வேண்டும். கடைவீதியில் மாடி வீடு ஒன்றின் கீழ்த்தளம் போதும். கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்தின் வணிக உரிமம் அந்த முகவரிக்குக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டு வாடகைக்கு எடுங்கள். வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டு அப்புறம் உரிமத்துக்கு அலைபவர்கள் பல மாத வாடகையை வீணாகக் கட்டுகிறார்கள்.

மெஸ்திக்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். அதிகாரி பார்ப்பது சில எளிய விஷயங்கள்: கதவில் வலை, மூடிய விளக்கு, கைகழுவத் தனித் தொட்டி, பச்சைப் பொருள் ஒரு பக்கம் வந்து முடிந்த பொருள் மறுபக்கம் போகும் பாதை, எலி பூச்சிக் கட்டுப்பாட்டுக் குறிப்பேடு. வேலை செய்யும் ஒவ்வொருவரும் உணவு கையாள்வோர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பலர் தவறுவது குறிப்பேட்டில்தான். எண்ணெய் எந்தத் தேதியில் மாற்றினீர்கள், அன்று எத்தனை கிலோ சுட்டீர்கள், எந்த மூட்டை மாவு என்று தினமும் எழுத வேண்டும். ஒரு வாரக் கணக்கை ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதினால் பார்த்தவுடன் தெரியும்.

ஹலால் சான்றிதழ் வேண்டுமா என்பது எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லண்டன் தமிழ்க் கடைக்குப் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். வளைகுடாவிலும் இந்தோனேசியாவிலும் வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். எடுப்பதென்று முடிவு செய்தால் அடுப்படியை அமைக்கும்போதே யோசியுங்கள். அந்த வளாகத்தில் சாமி மேடையோ படமோ இருக்கக் கூடாது. காலையில் விளக்கேற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பது நம் பழக்கம். விளக்கை வீட்டில் ஏற்றிவிட்டு வேலைக்கு வாருங்கள். இதை முதல் நாளே எல்லாரும் பேசி ஒப்புக்கொண்டால் மனவருத்தம் வராது.

3. உங்களுக்குள் ஒப்பந்தம்

"நமக்குள்ள என்ன பேப்பர், சின்ன வயசிலேருந்து ஒரே லயத்துல வளர்ந்தவங்க" என்று சொல்லும் குழுவிடம்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்து பேசுகிறேன். பணம் வராத வரை எல்லாரும் ஒற்றுமை. முதல் வெளிநாட்டுப் பணம் வந்த மாதம்தான் கணக்கு கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் நான் விடாமல் எழுதச் சொல்வது நான்கு. முதலாவது, கூலி வேறு லாபம் வேறு. அடுப்படியில் நின்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலி முதலில் கணக்காகட்டும். மிச்சம் இருப்பதே லாபம், அதைப் போட்ட பணத்தின் விகிதத்தில் பிரியுங்கள். இரண்டையும் கலந்தால், பணம் போட்டுவிட்டு வராதவருக்கும் பணமில்லாமல் தினம் வந்தவருக்கும் நடுவில் சண்டை நிச்சயம்.

இரண்டாவது, செய்முறை யாருடையது. ஒரு குழுவில் மசாலா ஒரு அக்காவின் மாமியார் கைப்பக்குவம். அவர் குழுவை விட்டுப் போனபோது, "இனிமேல் இந்த மசாலாவைச் செய்யக் கூடாது" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மற்ற நால்வரின் உழைப்பும் அதில் இருந்தது. ஆர்டர் ஒன்று கையில் இருந்த நேரம் அது, மூன்று வாரம் அடுப்பு எரியவில்லை. செய்முறையை நிறுவனத்துக்குக் கொடுக்கிறாரா, பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறாரா, கிலோவுக்கு இத்தனை காசு வாங்கிக்கொள்கிறாரா என்று முன்கூட்டியே எழுதியிருந்தால் அந்த மூன்று வாரமும் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, விலகுபவருக்கு எப்போது, எத்தனை தவணையில் பணம் திரும்பும். நான்காவது, வெளிநாட்டு வாங்குபவரிடம் பேசுவது யார். ஒருவர் மட்டும் பேசட்டும். இரண்டு பேர் வாட்ஸாப்பில் இரண்டு விலை சொன்னால் வாங்குபவர் குறைந்த விலையைப் பிடித்துக்கொள்வார்.

4. எந்தப் பொருள், எந்த நாடு

எல்லாருக்கும் முறுக்கை அனுப்பத்தான் ஆசை. ஒரு பெட்டியை அளந்து பாருங்கள். 40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் என்றால் 36,000 கன செ.மீ. கூரியர் கணக்கில் அதை 5,000-ஆல் வகுப்பார்கள், 7.2 கிலோ வரும். அந்தப் பெட்டியில் 200 கிராம் முறுக்குப் பாக்கெட் 20 வைத்தால் உள்ளே இருப்பது 4 கிலோதான். மிச்சம் 3.2 கிலோவுக்குக் காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள். அதே பெட்டியில் 250 கிராம் மசாலாத்தூள் 60 பாக்கெட் வைத்தால் 15 கிலோ, முழுவதும் சரக்கு. கப்பலிலும் பலர் சரக்கைச் சேர்த்து ஏற்றும் எல்சிஎல் முறையில் கன அளவுக்கும் எடைக்கும் எது அதிகமோ அதைத்தான் பார்ப்பார்கள். மசாலாவில் தொடங்கி, வாங்குபவர் நிலையானதும் முறுக்கை அதே கப்பலில் சேருங்கள் என்பது என் கருத்து.

நாட்டைத் தேர்ந்ததும் லேபிள். பிரிட்டனில் ஒவ்வாமைப் பொருள்கள் 14. அதில் எள்ளும் கடுகும் உண்டு. பொருள் பட்டியலில் அவற்றைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ தனித்துக் காட்ட வேண்டும். அமெரிக்காவிலும் 2023 ஜனவரி முதல் எள் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிரிட்டனில் விற்க அங்குள்ள இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். அதனால் வாங்குபவர் உறுதியாகும் முன் 5,000 ஸ்டிக்கர் அச்சடிக்காதீர்கள். முறுக்கில் வெண்ணெய் சேர்த்தால் பால் கலந்த உணவுக்கான விதிகளும் கூடவே வரும்.

மசாலாவுக்கு ஆய்வகச் சோதனை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் நச்சு உண்டாகும். வறுத்தாலும் அரைத்தாலும் முழுதாகப் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மிளகாய்த்தூளுக்கு மொத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான். நம் ஊர் ஈரத்தில் மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைத்தாலே போதும், கெட்டுவிடும். மரப்பலகை மேல் வையுங்கள்.

சுங்கக் குறியீட்டு எண்ணையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கறி மசாலாத்தூள் 0910.91-இல் வரும், முறுக்கு பொதுவாக 1905.90. வரி, விதி, ஒப்பந்தச் சலுகை எல்லாமே இந்த எண்ணைப் பிடித்துத்தான் நடக்கும்.

5. யாரிடம் எதைக் கேட்பது

இந்த இடத்துக்கு வந்த பிறகே வெளித்துணை தேடுங்கள். ஒவ்வொருவரிடமும் அவர் தருவதை மட்டும் கேட்க வேண்டும்.

மெட்ரேட் அரசின் ஏற்றுமதி மேம்பாட்டு நிறுவனம், கோலாலம்பூரில் மெனாரா மெட்ரேட்டில் இருக்கிறது. உறுப்பினராகப் பணம் கட்ட வேண்டாம். பெண் ஏற்றுமதியாளர்களுக்கென்று தனி மேம்பாட்டுத் திட்டமும் அவர்களிடம் உண்டு. சென்னை, லண்டன் உட்பட வெளிநாடுகளில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. இந்தப் பொருளுக்கு அங்கே யார் வாங்குபவர்கள், என்ன விலைக்குப் போகிறது என்று அந்த அலுவலகத்திடம் கேளுங்கள். "எனக்கு ஒரு ஆர்டர் வாங்கிக் கொடுங்க" என்று கேட்டுவிட்டு ஏமாற்றத்தோடு வருபவர்கள் அதிகம். அவர்கள் அறிமுகம் செய்துவைப்பார்கள். விற்க வேண்டியது நீங்கள்தான்.

ஷீடிரேட்ஸ் என்பது ஜெனீவாவில் உள்ள அனைத்துலக வர்த்தக மையம் 2015-இல் தொடங்கிய திட்டம். இணையத்தில் இலவசமாகச் சேரலாம், பாடங்களும் இலவசம். விலை நிர்ணயம், ஒப்பந்தம் பற்றிய பாடங்களை குழுவில் ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளை கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும். வீகனெக்ட் பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகளோடு இணைக்கும். மாதம் 100 கிலோ செய்பவருக்கு அது இன்னும் சீக்கிரம். மாதம் ஒரு டன் நிலையாகச் செய்ய முடியும்போது போங்கள்.

நாவேம் என்ற மலேசியப் பெண் தொழில்முனைவோர் தேசியச் சங்கம், இந்திய வர்த்தக சபைகள் போன்றவற்றில் கிடைப்பது அனுபவம். சரக்கைத் துறைமுகம் வழியாக அனுப்பிவைக்கும் நல்ல ஃபார்வர்டிங் ஏஜண்ட் யார், எந்த வாங்குபவர் பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். ஒரு கூட்டத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் பயனில்லை. ஒரே கேள்வியோடு போங்கள், பதில் சொன்னவருக்கு மறுநாள் செய்தி அனுப்புங்கள்.

6. பணம்

தொடக்க முதலுக்கு அமானா இக்தியார் இருக்கிறது, சிறு குழுவாகச் சேர்ந்து கடன் வாங்கும் முறை. இந்தியப் பெண்களுக்கென்று 2024-இல் 50 மில்லியன் வெள்ளியில் 'பெண்' திட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அரசின் சிறுகடன் நிறுவனமான தெக்குன் வழியாக இந்திய வணிகர்களுக்கான ஸ்பூமி கடன் இருக்கிறது. இவற்றில் கடன் பெரும்பாலும் தனிநபர் பெயரில் வரும். அந்தப் பணத்தை நிறுவனத்தில் போடும்போது, இந்த அக்கா நிறுவனத்துக்குக் கொடுத்த கடனா, பங்கு முதலா என்று தேதியோடு எழுதி வையுங்கள்.

மெட்ரேட்டின் சந்தை மேம்பாட்டு மானியத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊரெல்லாம் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு அதன் ஆயுளில் 3 லட்சம் வெள்ளி வரை என்று கேட்டவுடன், கையில் கொடுப்பார்கள் என்று நினைக்கிறார்கள். கண்காட்சிக்கு முதலில் நீங்கள் செலவு செய்ய வேண்டும். பிறகு ரசீதைக் காட்டி, ஏற்கப்பட்ட செலவை மட்டும் திரும்பப் பெற வேண்டும். கடன் வாங்கி விமானம் ஏறுவதற்கு முன் நிபந்தனையையும் விண்ணப்பக் கெடுவையும் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். விமானச் சீட்டு, போர்டிங் பாஸ், கடை வாடகை ரசீது, கடையில் நீங்கள் நிற்கும் படம் எதையும் தொலைக்காதீர்கள்.

7. வாங்குபவரோடு ஒப்பந்தம்

எங்கள் முதல் சரக்கில் நானே பட்டது இது. உறவுக்காரர் வழியாக வந்த கடைக்காரர், நம்ம ஆள் என்று முன்பணம் கேட்காமல் அனுப்பினோம். "சரக்கு வித்ததும் தர்றேன்" என்றார். பாதிப் பணம் இன்றைக்கும் வரவில்லை. ஒரு அக்கா தாலிச் செயினை அடகு வைத்துப் போட்ட முதல் அது. அதன் பிறகு யாராக இருந்தாலும் 30 விழுக்காடு முன்பணம், மிச்சம் கப்பல் ரசீதின் நகலைக் காட்டியதும். பணம் முழுதாக வந்த பிறகே மூல ரசீதை அனுப்புவது. அந்த மூல ரசீது இல்லாமல் அவர் சரக்கை எடுக்க முடியாது. பெரிய தொகை என்றால் வங்கி வழியாகக் கடன் கடிதம் (எல்சி), அதாவது பணத்துக்கு அவர் வங்கி தரும் உறுதி, கேளுங்கள். பேங்க் நெகாராவின் பொது விதிப்படி ஏற்றுமதிப் பணம் சரக்கு ஏறி 6 மாதத்துக்குள் நாட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவையுங்கள்.

விலையை எஃப்ஓபியில் சொல்லுங்கள். போர்ட் கிள்ளானில் கப்பலில் ஏற்றும் வரை உங்கள் செலவு, அதற்குப் பிறகு அவருடையது. அவர் வாசல் வரை எல்லாச் செலவும் உங்களுடையது என்ற டிடிபிக்குப் புதியவர்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது. அவர் ஊர்ச் சுங்க வரி, கிடங்கு வாடகை, தாமதக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில் விழும்.

அப்புறம் வணிகச் சின்னம். மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்து நிறுவனத்தில் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டு மாதிரிப் பாக்கெட்டை வெளிநாட்டுக்கு அனுப்புங்கள். விநியோகஸ்தர் தன் நாட்டில் அந்தப் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொண்டால், உங்கள் மசாலாவை அங்கே விற்க அவரிடமே அனுமதி கேட்க வேண்டிவரும். 2019 டிசம்பர் 27 முதல் மலேசியா மாட்ரிட் ஏற்பாட்டில் இருப்பதால் இங்கிருந்தே பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் போடலாம்.

8. முதல் சரக்கு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ஃபார்வர்டிங் ஏஜண்ட் பார்த்துக்கொள்வார். சுங்கத்துக்கான கே2 படிவத்தை அவரே மின்வழியில் போடுவார். நீங்கள் கொடுக்க வேண்டியது இன்வாய்ஸ் என்ற விலைப்பட்டியல், பெட்டி விவரப் பட்டியல், அந்த நாடு கேட்கும் சுகாதாரச் சான்றிதழ். மூன்றிலும் எடையும் பெட்டி எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறப்பிடச் சான்றிதழில்தான் மசாலாக்காரர்கள் தடுமாறுகிறார்கள். வரிச் சலுகை வேண்டுமானால் பொருள் மலேசியாவில் உருவானது என்று நிரூபிக்க வேண்டும். நம் மசாலாவில் மிளகாய், மல்லி, சீரகம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருபவை. வறுத்து அரைத்துக் கலந்ததால் மட்டும் விதி நிறைவேறிவிடும் என்று எண்ணாதீர்கள்; ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கணக்கு மாறும். இந்தச் சான்றிதழைத் தரும் வர்த்தக அமைச்சான மித்தி முதலில் செலவுப் பகுப்பாய்வு கேட்கும், எந்தப் பொருள் எங்கிருந்து, என்ன விலைக்கு என்று. தொடக்கத்தில் சொன்ன பில் நோட்டை இங்கேதான் விரித்து வைப்பீர்கள். பிரிட்டனுக்கு அனுப்புபவர்கள் இதை விசாரிக்காமல் விடக் கூடாது: 2024 டிசம்பர் 15 முதல் பிரிட்டனும் மலேசியாவும் சிபிடிபிபி என்ற ஒரே பல நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

9. வெளியிலிருந்து முதலீடு வந்தால்

மூன்று நான்கு சரக்கு ஒழுங்காகப் போனால், வாங்குபவரே "நான் பணம் போடுறேன், பெரிய மெஷின் வாங்குங்க" என்பார். சந்தோஷமான செய்திதான். கையெழுத்துக்கு முன் இரண்டு எண்ணைப் பாருங்கள். பெண்களின் பங்கு 51-க்குக் கீழே இறங்குகிறதா? மலேசியர் பங்கு 60-க்குக் கீழே இறங்குகிறதா? முதலாவது இறங்கினால் பெண்களுக்கான திட்டங்களில் உங்கள் இடம் ஆட்டம் காணும். இரண்டாவது இறங்கினால் மெட்ரேட் மானியத்தின் தகுதி போய்விடும்.

ஐந்து அக்காமாரும் சேர்ந்து 60 வைத்துக்கொண்டு 40 கொடுத்தால் இரண்டும் தப்பும். ஆனால் அந்த ஐவரில் ஒருவர் பின்னால் தன் 12-ஐ முதலீட்டாளருக்கே விற்றால் 48-தான் மிஞ்சும். விற்பவர் முதலில் மற்ற நால்வரிடம்தான் கேட்க வேண்டும், அவர்களுக்கு வாங்க 90 நாள் அவகாசம் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். வக்கீலிடம் போகும்போது ஐந்து பேரும் சேர்ந்தே போங்கள். ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, புரியாத இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். வட்டம் ஒன்று மிச்சம் இருந்தாலும் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம், அடுத்த வாரம் மறுபடி போகலாம்.